மரத்தடிப் பள்ளிக்கூடம்

கல்கத்தாவில் ஒரு பையன் இருந்தான். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. வீடு நிறைய வேலைக்காரர்கள். வீட்டுக்கே வந்து பாடம் சொல்லும் வாத்தியார்கள். எதற்கும் குறைவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்றாலே அவனுக்குக் கசக்கும்.

நான்கு பள்ளிகளில் அவனைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் அவன் நிலைக்கவில்லை.

அந்தப் பையனின் பெயர் ரவீந்திரநாத் தாகூர். 1861-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற பகுதியில் பிறந்தார். கல்கத்தாவைத்தான் 2001 முதல் கொல்கத்தா என்று சொல்கிறோம். பள்ளி விழாக்களில் 'ஜன கண மன' பாடுகிறோமே, அந்தப் பாட்டை எழுதியவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடிய அவரே, தம் நாற்பதாவது வயதில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சின்னப் பள்ளி. கிராமத்துப் பள்ளி. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி.

அது எப்படி நடந்தது?

சுண்ணாம்புக் கோடு

தாகூர் படித்த முதல் பள்ளியில் ஒரு தண்டனை இருந்தது. பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றுவார்கள். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்வார்கள். உள்ளங்கைகளில் சிலேட்டுகளை அடுக்குவார்கள். கை வலிக்க வலிக்க நிற்க வேண்டும். கை வலித்தால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்? அது அந்தக் காலத்து வாத்தியார்களுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த பள்ளியில் இன்னொரு கூத்து. தினமும் வகுப்பு தொடங்கும் முன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாட வேண்டும். யாருக்கும் அர்த்தம் தெரியாது. கேட்டுக் கேட்டு, வாய்க்கு வந்தபடி பாடுவார்கள். வார்த்தைகள் எல்லாம் உருமாறிப் போயின. அது மகிழ்ச்சியைப் பற்றிய பாட்டு என்று தாகூருக்குப் பெரியவரான பிறகுதான் ஓரளவு புரிந்தது!

வீட்டிலும் விடுதலை இல்லை. ஒரு வேலைக்காரர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். பையனை நடுவில் உட்கார வைப்பார். வட்டத்தைத் தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பையன் சன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டே பகலைக் கழிப்பான்.

அப்பா கொடுத்த கடிகாரம்

1873-இல் அந்த வட்டம் அழிந்தது. தாகூருக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. அவருடைய தந்தை தேவேந்திரநாத், மகனைத் தம்முடன் பயணம் அழைத்துப் போனார். முதலில் போன இடம் போல்பூர். கல்கத்தாவிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். ரயிலில் போனார்கள்.

போல்பூர் அருகே தேவேந்திரநாத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. 1863-இல் குத்தகைக்கு எடுத்த நிலம். வறண்ட செம்மண் பூமி. மழை அறுத்து அறுத்து மண்ணெல்லாம் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். அங்கே நின்றவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். அவற்றின் நிழலில் உட்கார்ந்துதான் தேவேந்திரநாத் தியானம் செய்வார். அந்த இடத்துக்குச் சாந்திநிகேதன் என்று பெயர் வைத்தார். அமைதியின் இருப்பிடம் என்று பொருள். (ஏழிலைப்பாலை மரத்தில்தான் முற்காலத்தில் எழுதும் பலகை செய்வார்கள். பள்ளிக்கூடம் வரப்போவது அந்த மரத்துக்கு முன்பே தெரியும் போலும்!)

தேவேந்திரநாத் மகனைக் கட்டிப் போடவில்லை. பையன் தன்னந்தனியாக அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறினான். விதவிதமான கற்களைப் பொறுக்கி வந்தான். 'எதற்குக் குப்பை?' என்று அப்பா கேட்கவில்லை. அங்கே ஒரு மண்மேடு இருந்தது. அதைக் கற்களால் அலங்கரிக்கச் சொன்னார்.

தம்முடைய விலை உயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மகனிடம் தந்தார். பையன் ஆர்வத்தில் சாவியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான். கடிகாரம் பழுதாகிவிட்டது. ரிப்பேருக்குக் கல்கத்தாவுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. சில்லறைக் காசும் கொடுத்துக் கணக்கு எழுதச் சொன்னார். ஒரு நாள் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட அதிகக் காசு பையன் கையில் இருந்தது! அப்பா திட்டவில்லை. 'உன்னையே காசாளராக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே, உன் கையில் பணம் வளர்கிறதே' என்று கேலி செய்தார்.

நான்கு பள்ளிகள் தராத ஒன்றை அந்தச் சில வாரங்கள் தாகூருக்குத் தந்தன. பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும். தவறு நடக்கும். கடிகாரம் உடையும். அதற்காகப் பொறுப்பைப் பிடுங்கக் கூடாது. அவருடைய பள்ளிக்கு விதை விழுந்தது அங்கேதான் என்று சொல்லலாம்.

ஐந்து பிள்ளைகள்

1901 டிசம்பர் 22. அதே சாந்திநிகேதனில் தாகூர் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் அவருடைய மூத்த மகன் ரதீந்திரநாத்.

தொடக்கத்தில் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. சோறு, துணி, படிப்பு எல்லாம் பள்ளியின் செலவு. பணத்துக்கு என்ன செய்வது? தாகூர் ஜமீன் குடும்பத்தவர்தான். ஆனால் அவர் கைக்கு வருவது மாதப் பணம் மட்டுமே. புரி நகரில் இருந்த வீட்டை விற்றார். அவருடைய மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சமைத்தும் போட்டார். பள்ளி தொடங்கி ஓராண்டு முடிவதற்குள், 1902 நவம்பரில், அவர் நோயில் இறந்துபோனார். சாந்திநிகேதனைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாகூரைப் பேசுவார்கள். அந்த நகைகளை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒருவர் கதையைக் கேளுங்கள். ஹரிசரண் பந்தோபாத்யாய் என்பவர் தாகூரின் ஜமீன் கச்சேரியில் கணக்கு வேலை பார்த்தார். பகலில் ஜமீன் கணக்கு. இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தாமாகவே சமஸ்கிருதம் படித்து எழுதுவார். ஜமீனைப் பார்க்க வந்த தாகூருக்கு இது தெரிந்தது. அவரைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். பின்னால் அந்தக் கணக்கர் தனி ஆளாக வங்காள மொழிக்கு ஒரு பெரிய அகராதி செய்தார். 1905-இல் தொடங்கிய வேலை. எழுதி, அச்சாகி முடிய சுமார் 40 ஆண்டுகள் ஆயின.

ஜகதானந்த ராய் என்பவரும் ஜமீன் வேலையிலிருந்து வந்தவர்தான். அவர் அறிவியல் சொல்லித் தந்தார். இரவில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டினார். அறிவியலை எளிய வங்காளத்தில் எழுதினார்.

ஒரு நாள்

விடிவதற்கு முன்பே பாட்டுச் சத்தம் கேட்கும். மாணவர்கள் சிலர் பாடிக்கொண்டே விடுதியைச் சுற்றி வருவார்கள். அதுதான் எழுப்பும் மணி. எழுந்ததும் அவரவர் படுக்கையை அவரவர் சுருட்டி வைப்பார்கள். அறையைக் கூட்டுவார்கள். உடற்பயிற்சி. கிணற்றடியில் குளியல்.

பிறகு கால் மணி நேரம் மௌனம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு திறந்த வெளியில் தனியாகப் போய் உட்காரும். என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓர் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரிதான். மாலையிலும் இதே போல ஒரு மௌன நேரம் உண்டு.

அப்புறம் வகுப்பு. வகுப்பறை கிடையாது. ஆசிரியர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் தங்கள் ஆசனத்தை, அதாவது உட்காரும் சிறு பாயை, எடுத்துக்கொண்டு அவரிடம் போவார்கள். அந்தப் பாடம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மரத்தடிக்கு நடப்பார்கள். மாந்தோப்பில் ஒரு வகுப்பு. சால் மர வரிசையில் ஒரு வகுப்பு. மழை வந்தால்தான் தாழ்வாரம்.

ஒரு வகுப்பில் சில பிள்ளைகள்தான். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை மேல் வகுப்புப் பிள்ளைகளோடு கணக்குப் படிக்கலாம். அதே பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கினால் கீழ் வகுப்பில் ஆங்கிலம் படிக்கலாம். இதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மாலையில் விளையாட்டு. கால்பந்து என்றால் பிள்ளைகளுக்கு உயிர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆயிற்றே! இரவில் கதை, பாட்டு, நாடகம். தாகூரே பிள்ளைகளுக்காக நாடகம் எழுதுவார். அவரே வேடமும் போடுவார். வார விடுமுறை புதன்கிழமை.

பிள்ளைகளே நீதிபதி

இந்தப் பள்ளியில் அடி கிடையாது. அப்படியானால் யார் கண்டிப்பது?

பிள்ளைகளே தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும். யாராவது தவறு செய்தால் பிள்ளைகளின் சபை கூடும். இரு தரப்பையும் கேட்கும். தீர்ப்புச் சொல்லும். நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான். ஆனால் பஞ்சாயத்தார் எல்லோரும் சிறுவர்கள். ஆசிரியர்கள் குறுக்கே வர மாட்டார்கள்.

தேர்வு நடக்கும்போது காவலுக்கு ஆசிரியர் நிற்பதில்லை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். காப்பியடிக்காமல் எழுதுவது பிள்ளைகளின் பொறுப்பு.

கையெழுத்துப் பத்திரிகைகளும் நடத்தினார்கள். கதை, கவிதை, படம் எல்லாம் பிள்ளைகள் கை வேலை. அச்சு இல்லை. ஒரே பிரதிதான். அது கை மாறிக் கை மாறிப் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாந்திநிகேதனைச் சுற்றிச் சந்தால் பழங்குடி மக்களின் ஊர்கள் இருந்தன. பெரிய மாணவர்கள் சிலர் மாலையில் அங்கே போய் எழுதப் படிக்கச் சொல்லித் தந்தார்கள். பள்ளியில் வேலை செய்தவர்களுக்கும் இரவு வகுப்பு நடத்தினார்கள். நீங்கள் அறிவொளி மையத்தில் கற்றது போலத்தான். இந்த வழக்கம் பின்னாலும் தொடர்ந்தது. 1998-இல் பொருளாதாரத்துக்காக நோபல் பரிசு பெற்ற அமர்த்திய சென், 1940-களில் சாந்திநிகேதனில் படித்தவர். பள்ளி மாணவராக இருந்தபோது அவரும் பக்கத்து ஊர்களில் மாலைப் பள்ளி நடத்தியிருக்கிறார்.

எல்லாம் நன்றாகவே இருந்தது என்று எண்ண வேண்டாம். தொடக்க காலத்தில் சாதி வழக்கமும் உள்ளே இருந்தது. பிராமணப் பிள்ளைகள் சாப்பிடத் தனி வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த வரிசை மறையப் பல ஆண்டுகள் ஆயின.

வெளியிலும் தொல்லை. ஆங்கிலேய அரசு இந்தப் பள்ளியைச் சந்தேகத்தோடு பார்த்தது. அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே படிக்க வைப்பது ஏற்றதல்ல என்று 1912-ஐ ஒட்டி ஓர் இரகசியச் சுற்றறிக்கை போனது. வேலைக்குப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே, 1913-இல், தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பரிசுப் பணத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா? பதிசர் என்ற ஊரில் உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் போட்டார். உழவர்களுக்குக் கடன். அதில் வரும் வட்டி பள்ளிக்கு.

காந்தி வந்தார், தமிழ்ப் பிள்ளைகளும் வந்தார்கள்

தென்னாப்பிரிக்காவில் காந்தி ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் ஓர் ஆசிரமம் நடத்தினார். 1914-இல் அவர் அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஆசிரமத்துப் பிள்ளைகள் இந்தியா வந்து தங்க ஓர் இடம் வேண்டும். தாகூர் தம் பள்ளியில் இடம் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்து பழகியவர்கள். சமையல், துவையல், கழிப்பறை சுத்தம் எதற்கும் ஆள் வைக்க மாட்டார்கள்.

1915-இல் காந்தியும் சாந்திநிகேதன் வந்தார். சுற்றிப் பார்த்தார். படுக்கையைச் சுருட்டும் பிள்ளைகள் சரி. ஆனால் சமைப்பது யார்? சம்பளச் சமையல்காரர். கழிப்பறையைச் சுத்தம் செய்வது யார்? அதற்கும் ஆள். இதையும் நாமே செய்தால் என்ன என்று ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டார்.

தாகூர் தடை சொல்லவில்லை. சுயராஜ்யத்தின் சாவியே இந்தச் சோதனையில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

மார்ச் 10-ஆம் தேதி வேலை தொடங்கியது. ஒரு கூட்டம் காய் நறுக்கியது. ஒரு கூட்டம் தானியம் புடைத்தது. ஒரு கூட்டம் சமையற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் சுத்தம் செய்தது. ஆங்கிலேய ஆசிரியர் பியர்சன் சளைக்காமல் உழைத்தார். பாத்திரம் தேய்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கச் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்தார்கள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சில ஆசிரியர்கள் சோர்ந்தார்கள். காந்தி போன பிறகு கொஞ்ச காலத்தில் சோதனை நின்றுபோனது. ஆனால் அந்த நாள் நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 10 அன்று அங்கே பணியாளர்களுக்கு ஓய்வு. மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆண்டில் ஒரு நாள் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தாகூரின் மனக்குறை

பள்ளி வளர்ந்தது. மாணவர்கள் நூற்றுக்கு மேல் ஆனார்கள். 1921-இல் விசுவபாரதி என்ற கல்லூரி நிலையமும் அங்கே எழுந்தது. வெளிநாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். பெண்களும் படித்தார்கள்.

ஆனால் தாகூருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பெரும்பாலும் நகரத்து நடுத்தரக் குடும்பத்தினர். அவர்களுக்கு மரத்தடி பிடித்திருந்தது. பாட்டும் பிடித்திருந்தது. கடைசியில் மெட்ரிகுலேஷன் தேர்வும் வேண்டும். தேர்வில் தேறினால்தானே வேலை! மேல் வகுப்புப் போகப் போக, மரத்தடியிலும் மனப்பாடம் நுழைந்தது. பள்ளியைச் சுற்றியிருந்த ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளோ உள்ளே வரவே இல்லை.

ஆகவே 1924-இல் அவர் இன்னொரு பள்ளி தொடங்கினார். பெயர் சிக்ஷா சத்ரா. 'சத்ரா' என்பது நம் ஊர்ச் சத்திரம்தான். கல்விச் சத்திரம். ஆறேழு பிள்ளைகள். எல்லோரும் கிராமத்து ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்ற பிள்ளைகள். அங்கேயே தங்குவார்கள். பொறுப்பேற்றவர் சந்தோஷ் சந்திர மஜும்தார். சாந்திநிகேதனின் தொடக்க கால மாணவர். அமெரிக்கா போய் வேளாண்மை படித்துத் திரும்பியவர். 1926-இல் அவர் காலமானார். 1927-இல் பள்ளி பக்கத்தில் உள்ள ஸ்ரீநிகேதனுக்கு மாறியது. ஸ்ரீநிகேதன் என்பது கிராம முன்னேற்றத்துக்காக 1922-இல் தாகூர் தொடங்கிய நிலையம். லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் அதைக் கட்டி எழுப்ப உதவினார். சிக்ஷா சத்ராவின் பாடமுறையை விளக்கி எழுதியவரும் அவரே.

ஒரு பாத்தியில் எத்தனை பாடம்

சிக்ஷா சத்ராவில் புத்தகம் பிறகுதான். முதலில் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு நிலம். அது அந்தப் பிள்ளையின் சொந்தத் தோட்டம்.

இதில் படிப்பு எங்கே இருக்கிறது? ஒரு கத்தரிப் பாத்தியைப் பாருங்கள். பாத்தியின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? அளக்க வேண்டும். அது கணக்கு. செடிக்குச் செடி இடைவெளி விட்டால் எத்தனை நாற்று வேண்டும்? அதுவும் கணக்கு. இலை ஏன் சுருள்கிறது? காய்க்குள் புழு எப்படிப் போனது? அது அறிவியல். எரு போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் எப்படி வளர்கின்றன? பார்த்து எழுதி வைக்க வேண்டும். எழுத வேண்டுமானால் எழுத்துத் தெரிய வேண்டும். இப்போது எழுத்து தண்டனை இல்லை. தேவை. காய்த்தால் விற்க வேண்டும். என்ன விலை? செலவு போக மிச்சம் என்ன? அது கணக்கும் பிழைப்பும்.

நெசவும் அப்படித்தான். நூலை எண்ணாமல் பாவு போட முடியாது. சமையலும் அப்படித்தான். பத்துப் பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று தெரியாமல் உலை வைக்க முடியாது. பிள்ளைகளே சாமான் அறையைப் பார்த்துக்கொண்டார்கள். வரவு செலவு எழுதினார்கள். துணி துவைத்தார்கள். கழிப்பறைக் கழிவை மண் மூடி எருவாக்கும் முறையையும் கற்றார்கள். தீப்பிடித்தால் எப்படி அணைப்பது, விருந்தாளி வந்தால் எப்படி உபசரிப்பது என்பதும் பாடம். பாட்டும் படம் வரைதலும் விட்டுப் போகவில்லை. வேலைக்காரனை உண்டாக்குவது தாகூரின் நோக்கம் அல்ல.

வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. நிலம் அளந்தவருக்கு, சீட்டுப் பிடித்தவருக்கு, சந்தையில் காய் விற்றவருக்கு எழுத்து வருவதற்கு முன்பே கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை ஏட்டில் ஏற்றினால் அதுவே படிப்பு. சிக்ஷா சத்ரா அந்த இடத்தில்தான் தொடங்கியது.

மண்வெட்டியா, சான்றிதழா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பணக்காரப் பிள்ளைக்குச் சான்றிதழ், ஏழைப் பிள்ளைக்கு மண்வெட்டியா? இப்படி ஒருவர் கேட்டால் என்ன பதில்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி சூடாகவே எழுந்தது. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பள்ளி ஒரு வேளை மட்டும். மற்ற நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். 'அப்பன் செய்த தொழிலையே மகனும் செய்ய வேண்டுமா?' என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது.

சிக்ஷா சத்ரா அந்த மாதிரி அல்ல. அங்கே எந்தப் பிள்ளையும் குடும்பத் தொழிலுக்கு என்று ஒதுக்கப்படவில்லை. எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் செய்தது. ஆனாலும் ஏழைப் பெற்றோருக்கும் சான்றிதழ் ஆசை உண்டு. அது தவறா? உத்தியோகத்துக்கு அதைத்தானே கேட்கிறார்கள். காலப்போக்கில் சிக்ஷா சத்ராவும் பொதுத் தேர்வு எழுதும் பள்ளியாக மாறியது. இன்று அது விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் பள்ளிகளில் ஒன்று. 1901-இல் தொடங்கிய பள்ளியும் பாட பவனம் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே இன்றும் மரத்தடியில் வகுப்பு உண்டு. 2023-இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தப் பாத்திப் பாடம் வேறு இடங்களிலும் வேர் விட்டது. யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம் சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தார். தாகூருக்குச் செயலாளராகவும் இருந்தார். பிறகு காந்தியிடம் போனார். கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் ஆதாரக் கல்வியைச் சேவாகிராமத்தில் தம் மனைவி ஆஷா தேவியுடன் சேர்ந்து நடத்தினார். சாந்திநிகேதனில் படித்த இன்னொருவர் ஜி. ராமச்சந்திரன். அவரும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஒரு கிராமியப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

பெரியவர்களுக்கும் பள்ளி

தாகூர் குழந்தைகளோடு நிற்கவில்லை. எழுத்துக் கற்பவர்களுக்காகச் 'சகஜ் பாட்' என்ற பாடப்புத்தகத்தை 1930-இல் வெளியிட்டார். எளிய பாடம் என்று பொருள். ஓவியர் நந்தலால் போஸ் படம் போட்டார். வங்காளத்தில் பல தலைமுறைகள் அதில்தான் எழுத்துப் பழகின. ஸ்ரீநிகேதனிலிருந்து ஊர் ஊராகப் புத்தகம் போகும் நூலகமும் நடந்தது.

1930-களின் பிற்பாதியில் 'லோக சிக்ஷா சம்சத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மக்கள் கல்விக் கழகம் என்று சொல்லலாம். பள்ளிக்குப் போக முடியாத பெரியவர்கள், வீட்டை விட்டு வர முடியாத பெண்கள் இவர்களுக்கானது. வீட்டிலிருந்தே படிக்கலாம். என்ன படிப்பது என்று பாடத்திட்டம் தருவார்கள். தேர்வு வைப்பார்கள். தேறினால் சான்றிதழ் உண்டு.

தேர்வு இருந்தால் புத்தகம் வேண்டுமே. அதுவும் சாதாரண மக்களுக்குப் புரியும் வங்காளத்தில் வேண்டும். அறிவியல் பற்றிய புத்தகத்தை எழுதும் வேலை ஓர் இளம் ஆசிரியருக்குத் தரப்பட்டது. அவர் எழுதிக் கொடுத்ததைத் தாகூர் திருத்தத் தொடங்கினார். திருத்தித் திருத்திக் கடைசியில் தாமே புதிதாக எழுதினார். அணு, நட்சத்திரம், சூரியக் குடும்பம், பூமி இவற்றைப் பற்றிய புத்தகம். அறிவியல் அவர் முறையாகப் படித்த பாடம் அல்ல. மற்ற புத்தகங்களைப் படித்தார். தெரிந்தவர்களைக் கேட்டார். எழுதினார். 'விசுவ பரிசய்' என்ற அந்த நூல் 1937-இல் வந்தது. இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நான்கு பள்ளிகளை விட்டு ஓடிய அந்தக் கல்கத்தாப் பையனுக்கு அப்போது வயது 76.